வளைகுடா இந்தியப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்ப்பது: திருகோணமலைப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

தகப்பனோ தாயோ கட்டாரில், டுபாயில், மஸ்கட்டில் வேலையில் இருப்பார். குடும்பமும் அங்கே போவதென்று முடிவாகும். பாடசாலை தேடத் தொடங்கினால் பலருக்குக் கைக்கு எட்டுவது, இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்விச் சபையான சிபிஎஸ்இயின் பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பாடசாலைதான். பிரித்தானியப் பாடத்திட்டப் பாடசாலைகளைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு. பல இடங்களில் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம்.

அந்த அனுமதிக்கான வேலையில் பாதிக்கு மேல் இங்கேயே, திருகோணமலையிலும் கொழும்பிலும், செய்து முடிக்க வேண்டியது. வீசா வந்த பிறகு பார்ப்போம் என்று இருந்தவர்களின் பிள்ளைகள்தான் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க நேர்கிறது. கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியில் கிடைக்கும் காகிதம்தான் அடுத்த படிக்குத் தேவை.

1. முதலில் தரத்தைப் பாருங்கள்

பணம், வீசா எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளை இப்போது எந்தத் தரத்தில் இருக்கிறது என்பது.

தரம் 7 வரை மாறுவது கடினமில்லை. 8ஆம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு உழைப்பு கூடும், ஆனால் முடியும். 9ஆம் வகுப்புத்தான் கடைசி வாசல். சிபிஎஸ்இயில் 9உம் 10உம் சேர்ந்து ஒரே இரண்டாண்டுப் படிப்பு. 9ஆம் வகுப்பிலேயே பிள்ளையின் பெயர் பரீட்சைச் சபையில் பதியப்படும். இங்கே தரம் 9 முடித்துவிட்டு அங்கே நேரே 10இல் சேர்க்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் பாடசாலை வாசலில்தான் இதை அறிகிறார்கள்.

தரம் 10இல் இருக்கும் பிள்ளையைச் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போக விடுவதே நல்லது. அதன் பிறகு 11ஆம் வகுப்புக்கு முயலலாம். ஆனால் இலங்கைப் பெறுபேற்றைச் சபை சமமாக ஏற்கிறதா, எந்தப் பாடப்பிரிவு கிடைக்கும் என்பதைப் பாடசாலையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

2. ஏப்ரலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இங்கே கல்வியாண்டு வழமையாக ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். வளைகுடாவின் சிபிஎஸ்இ பாடசாலைகளில் ஏப்ரல் முதல் மார்ச் வரை. யூலை, ஓகஸ்ட் அங்கே கோடை விடுமுறை. ஆண்டின் நடுவில் வருவது. 'ஓகஸ்ட் விடுமுறையில் போய்ச் சேர்ப்போம்' என்று கணக்குப் போட்டால் முதல் தவணைப் பாடம் முழுவதும் தப்பிவிடும். இடமும் மிச்சம் இருக்காது.

ஒக்டோபரில் பாடசாலைகளைத் தேர்ந்து, கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பதிவு திறக்கும் காலம். பெப்ரவரி, மார்ச்சில் நுழைவுப் பரீட்சை. இடம் உறுதியானதும் விடுகைப் பத்திரம், அதை உறுதிப்படுத்தும் அலுவலக முத்திரைகள் (படி 5), வீசா, பயணம்.

பதிவுக்குக் கடவுச்சீட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், கடைசித் தேர்ச்சி அறிக்கை ஆகிய மூன்றும் பெரும்பாலும் போதும். விடுகைப் பத்திரம் பிறகு கேட்பார்கள். ஆகவே இடம் கிடைத்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை இங்கே விடுகைப் பத்திரம் எடுக்காதீர்கள். எடுத்த நாளே பிள்ளையின் பெயர் இடாப்பிலிருந்து நீங்கிவிடும். பயணம் தடைப்பட்டால், நெருக்கடி உள்ள பாடசாலையில் அதே இடம் திரும்பக் கிடைப்பது மிகக் கடினம்.

மறுபக்கத்தில், மூன்றாம் தவணை முடியும் முன்பே அவசரப்பட்டும் எடுக்கக்கூடாது. நவம்பரில் விலகிய பிள்ளை அந்தத் தரத்தை முடிக்காத பிள்ளையாகவே காகிதத்தில் இருக்கும். அதே வகுப்பைத் திரும்பப் படி என்று அங்கே சொல்வார்கள்.

3. பிறந்த திகதிக் கணக்கு

மிகுந்த குழப்பம் வருவது இங்கேதான். இலங்கையில் ஜனவரி 31க்குள் 5 வயது பூர்த்தியான பிள்ளை அந்த ஆண்டில் தரம் 1. ஏப்ரலில் தொடங்கும் இந்தியப் பாடசாலையில், ஐக்கிய அரபு இராச்சியத்தின் கணக்குப்படி, மார்ச் 31க்குள் 6 வயது பூர்த்தியானால்தான் 1ஆம் வகுப்பு.

இரண்டு பிள்ளைகளை வைத்துப் பாருங்கள்.

2019 பெப்ரவரி 10இல் பிறந்த பிள்ளைக்கு இலங்கையில் தரம் 1 என்பது 2025. அங்கே 1ஆம் வகுப்பு 2025 ஏப்ரல். இரண்டும் பொருந்துகின்றன. 2026 ஏப்ரலில் 2ஆம் வகுப்பில் சேரலாம்.

2019 யூன் 10இல் பிறந்த பிள்ளைக்கும் இலங்கையில் தரம் 1 என்பது 2025தான். ஆனால் 2025 மார்ச் 31இல் அதற்கு 6 வயது ஆகவில்லை; அங்கே 1ஆம் வகுப்பு 2026 ஏப்ரலில்தான். இங்கே தரம் 1ஐ முடித்த சான்றிதழ் கையில் இருக்க, வயதுக் கணக்கு மறுபடி 1ஆம் வகுப்பைக் காட்டும்.

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்களுக்கு மட்டுமே இரு கணக்கும் ஒத்துவரும். ஏப்ரல் முதல் ஜனவரி வரை பிறந்தவர்கள் அங்குள்ள வகுப்புத் தோழர்களைவிட ஒரு வயது இளையவர்களாக இருப்பார்கள். பாலர் வகுப்புக்கும் 1ஆம் வகுப்புக்கும் வயதே முடிவு. 2ஆம் வகுப்பிலிருந்து விடுகைப் பத்திரத்தையும் பார்ப்பார்கள் என்றாலும், வயதைக் காட்டி ஒரு வகுப்புக் கீழே போடச் சொல்லும் பாடசாலைகள் உண்டு.

தரம் 5க்குக் கீழுள்ள பிள்ளையென்றால் அதை மறுக்காமல் ஏற்பதே நல்லது. தமிழ் மூலத்திலிருந்து ஆங்கில மூலத்துக்கு மாறும் பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் பெரிய உதவி. ஓரிரு வருடத்தில் திரும்பி வரும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். இங்கே பழைய வகுப்புத் தோழர்கள் அப்போது ஒரு தரம் முன்னால் போயிருப்பார்கள்.

4. பெயர் எழுத்துகள் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கட்டும்

பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். வீட்டிலுள்ள பழைய பிரதியை லமினேட் செய்திருந்தால் அது முத்திரைக்கு உதவாது. மையும் ஒட்டுத்தாளும் அதில் பிடிக்காது, அலுவலகமும் ஏற்காது.

சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். போகும்போது பிள்ளையின் கடவுச்சீட்டையும், பெற்றோர் இருவரின் கடவுச்சீட்டுகளையும் கொண்டுபோங்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழ் ஒலியைக் கேட்டுத் தன் பழக்கப்படி எழுதுவார். 'திருக்குமரன்' என்ற பெயரின் முதலெழுத்துக்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு எச் வருமா வராதா என்பது கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் தெரியும். கிண்ணியா, மூதூர்க் குடும்பங்களில் 'முஹம்மத்' என்ற ஒரு சொல்லே தகப்பனின் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் பிள்ளையின் சான்றிதழில் இன்னொருவிதமாகவும் இருப்பது வழமை. ஒரு எழுத்து மாறினாலும் வீசாவில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறு பெயர் என்றாகி, 10ஆம் வகுப்புச் சான்றிதழ்வரை அந்தப் பிழை தொடரும்.

பாடசாலை இடாப்பில் தலைப்பெழுத்தோடு மட்டும் பெயர் இருக்கும். விடுகைப் பத்திரத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரை எழுதும்படி அதிபரிடம் முன்கூட்டியே பிரதியைக் கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று: 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் இலங்கைக் கடவுச்சீட்டு 3 வருடத்துக்கே செல்லும். வீசாவுக்கு ஆறு மாதமாவது மிச்சம் வேண்டும். திகதியைப் பாருங்கள்.

5. விடுகைப் பத்திரமும் முத்திரைச் சங்கிலியும்

ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2ஆம் வகுப்பிலிருந்து மேலே சேரும் பிள்ளைக்கு, முந்திய நாட்டில் முறைப்படி உறுதிப்படுத்தப்பட்ட விடுகைப் பத்திரம் தேவை. கட்டார், குவைத், ஓமானிலும் இதையொத்த நடைமுறை உண்டு. எத்தனை முத்திரை என்பதை அந்தந்தப் பாடசாலையின் அனுமதிப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

பத்திரத்தில் இருக்க வேண்டியவை: சேர்ந்த திகதி, சேர்ந்த தரம், விலகிய திகதி, கடைசியாக முடித்த தரம், வகுப்பேற்றம். கடைசி விடயம்தான் நம் பாடசாலைகளில் விடுபடும். இங்கே பிள்ளைகள் இயல்பாகவே மேல் தரத்துக்குப் போவதால் 'தரம் 5இல் கல்வி கற்றார்' என்று மட்டும் எழுதுவார்கள். அங்கே அதை, 5ஐ முடிக்கவில்லை என்று வாசிப்பார்கள். 'தரம் 5ஐப் பூர்த்தி செய்து தரம் 6க்கு வகுப்பேற்றப்பட்டார்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். ஆங்கிலப் படிவம் இல்லாவிட்டால், பாடசாலையின் கடிதத்தலைப்பில் ஆங்கிலக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள்.

முத்திரைகளின் ஒழுங்கு இது.

அ) அதிபரின் கையொப்பம், பதவி முத்திரை, திகதி. முத்திரை எழுத்தின்மேல் விழாமல் இருக்கட்டும்.

ஆ) வலயக் கல்வி அலுவலகம். மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து வலயங்கள். பாடசாலை எந்த வலயத்தில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். வீடு எங்கே என்பது பொருட்டல்ல. அதிபரின் கையொப்பம் உண்மையானது என்று இங்கே உறுதி பெற்றுக்கொண்டு போனால் கொழும்பில் கேள்வி குறையும்.

இ) கல்வி அமைச்சு, பத்தரமுல்லை இசுருபாய.

ஈ) வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும் இங்கேயே உறுதிப்படுத்தப்படும்.

உ) போகும் நாட்டின் கொழும்புத் தூதரகம்.

ஊ) அங்கே இறங்கிய பிறகு, அந்த நாட்டு வெளிநாட்டு அமைச்சின் முத்திரை.

ஒழுங்கு மாறக்கூடாததற்குக் காரணம் எளியது. ஒவ்வொரு அலுவலகமும் பிள்ளை படித்ததா என்று பார்ப்பதில்லை. தனக்கு முந்திய அலுவலகத்தின் கையொப்பம் தன்னிடமுள்ள மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இசுருபாய முத்திரை இல்லாத பாடசாலைப் பத்திரத்தைக் கொன்சியூலர் பிரிவில் நீட்டினால், அதை ஒப்பிட அவர்களிடம் எதுவும் இல்லை, திருப்பி அனுப்புவார்கள்.

திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒரு முத்திரைக்காகத் திரும்பிப் போவது ஓர் இரவும் ஒரு பகலும். அதனால் அ, ஆ இரண்டையும் இங்கே முடித்து, எல்லாக் காகிதத்தையும் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு, ஞாயிறு இரவு புறப்படுங்கள். திங்கள் காலை இசுருபாய, அதே நாளோ மறுநாளோ கொன்சியூலர் பிரிவு, பிறகு தூதரகம். வெள்ளிக்கிழமையை நம்பிப் போக வேண்டாம். ஒன்று பிந்தினால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீணாகும். போயா நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படு முன் ஒவ்வொரு இடத்திலும் முன்பதிவு தேவையா என்று தொலைபேசியில் கேளுங்கள்.

தனியார் அல்லது சர்வதேசப் பாடசாலையில் படித்த பிள்ளைக்கு, கல்வி அமைச்சு எந்த அடிப்படையில் கையொப்பத்தை ஏற்கும் என்பது அந்தப் பாடசாலையின் பதிவைப் பொறுத்தது. இதை ஒக்டோபரிலேயே அதிபரிடம் கேட்டுவிட வேண்டும்.

6. தடுப்பூசிப் பதிவு

பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். அங்குள்ள பதிவைக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் எழுதி, முத்திரையிட்டுத் தரும்படி கேட்கலாம்.

நம் அட்டவணையும் வளைகுடா அட்டவணையும் ஒன்றல்ல. இலங்கையில் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. கொப்பளிப்பான் ஊசி அரச அட்டவணையில் இல்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தின் அட்டவணையில் உண்டு. பாடசாலைத் தாதி அதைக் கேட்டால் பதற வேண்டாம். தேவை என்றால் அங்கே போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே தனியார் வைத்தியசாலையில் போட்டிருந்தால் அந்த அட்டையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

7. பாடசாலையிடம் கேட்க வேண்டியவை

கட்டணம். மாதத்துக்கு இவ்வளவு என்று சொன்னால், ஆண்டுக்கு எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். சில இடத்தில் 10, சில இடத்தில் 12. அதற்கு மேல் பதிவுக் கட்டணம், புத்தகம், சீருடை, பஸ். பஸ் கட்டணத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது பொதுவான பிழை. டுபாயில் பாடசாலைகளின் கட்டணமும் பரிசோதனை அறிக்கையும், தனியார் பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் அரச அமைப்பான கேஎச்டிஏயின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம்; புதிய மாணவரிடம் வாங்கும் பதிவு முற்பணம் ஆண்டுக் கட்டணத்தின் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது.

இலங்கைக் கடவுச்சீட்டு. சமூகத்தால் நடத்தப்படும் சில இந்தியப் பாடசாலைகள் இந்தியக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுக்கும். நாங்கள் தமிழர்தானே என்பது அங்கே செல்லாது. முதல் மின்னஞ்சலிலேயே நாட்டைக் குறிப்பிடுங்கள். டோஹாவிலும் மஸ்கட்டிலும் இலங்கைப் பாடசாலைகளும் உள்ளன. இரண்டு பக்கத்தையும் விசாரித்து வைப்பது பாதுகாப்பு.

மொழி. தமிழ் இரண்டாம் மொழியாக உண்டா, எந்த வகுப்புவரை? ஹிந்தி கட்டாயமா? 4ஆம், 5ஆம் வகுப்பில் போய்ச் சேரும் நம் பிள்ளைக்கு ஹிந்தி எழுத்தே தெரியாது. மற்றப் பிள்ளைகள் மூன்று வருடம் படித்திருப்பார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் அரபு மொழி 9ஆம் வகுப்புவரை கட்டாயம். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும் உண்டு.

நேரம். சில பாடசாலைகள் காலை, பிற்பகல் என இரு நேரமாக இயங்குகின்றன. அண்ணனுக்குக் காலையும் தங்கைக்குப் பிற்பகலும் கிடைத்தால் தாயின் பகல் முழுதும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் போகும்.

8. நுழைவுப் பரீட்சைக்கு மூன்று மாதம்

டிசம்பர் முடிவிலிருந்து மார்ச் வரை கிடைக்கும் இடைவெளியை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஆங்கிலமும் கணிதமும் இருக்கும்.

கணிதத்தில் நம் பிள்ளைகள் பின்தங்கியவர்களல்ல. கணக்குத் தெரியும், கேள்வி புரியாது. அதனால் புதுக் கணக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை, சொற்களைப் படிப்பியுங்கள். காரணி என்றால் ஃபெக்டர், மடங்கு என்றால் மல்டிப்பிள், தொகுதி நியூமரேட்டர், பகுதி டினோமினேட்டர், சுற்றளவு பெரிமீட்டர், பொ.கா.பெ. எச்சிஎஃப், பொ.ம.சி. எல்சிஎம். ஒரு கொப்பியில் நாளுக்கு ஐந்து சொல் என்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கோடு எழுதினால் இரண்டு மாதத்தில் முந்நூறு சொல் வரும்.

இன்னொரு கண்ணி: காற்புள்ளி. நாம் ஓர் இலட்சத்தை 100,000 என்று எழுதிப் பழகியவர்கள். இந்தியப் பாடத்தில் 1,00,000. இந்திய முறையிலும் சர்வதேச முறையிலும் எழுதச் சொல்லும் கேள்வி 4ஆம், 5ஆம் வகுப்புப் பாடத்திலேயே வருகிறது. சரியான எண்ணைப் பிழையான இடத்தில் பிரித்து மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் பலர்.

இந்திய அரசின் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டி நிறுவனத்தின் நூல்களை அதன் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். பிள்ளை சேரப்போகும் வகுப்பின் நூலை அல்ல, அதற்கு முந்திய வகுப்பின் கணித நூலை எடுத்துக் கேள்விகளைச் சத்தமாக வாசிக்க வையுங்கள். நுழைவுப் பரீட்சை முடித்த வகுப்பிலிருந்துதான் கேட்கும்.

9. தமிழும் திரும்பி வருதலும்

தமிழ்ப் பாடம் எடுத்தால் நம் பிள்ளைக்கு அது பலம். ஆனால் நூல் இந்தியத் தமிழில் இருக்கும். கேத்திரகணிதம் அங்கே வடிவியல், பௌதிகவியல் அங்கே இயற்பியல், இரசாயனவியல் வேதியியல், ஒட்சிசன் ஆக்சிஜன், கதிரை நாற்காலி, துவிச்சக்கரவண்டி மிதிவண்டி. இரண்டும் சரியான தமிழ் என்று பிள்ளைக்கு முதலிலேயே சொல்லுங்கள். தன் வீட்டுச் சொல் பிழை என்று ஒரு குழந்தை நினைத்துவிட்டால், அது வகுப்பில் வாய் திறக்கவே கூசும்.

திரும்பி வந்து இங்கே சாதாரண தரம் எழுதும் வாய்ப்பு சிறிதளவாவது இருந்தால், சமயமும் வரலாறும் தனியாகப் படிக்க வேண்டும். தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றோடு இந்த இரண்டும் கட்டாயப் பாடங்கள். சிபிஎஸ்இ வரலாறு இந்தியாவைச் சுற்றியது. இலங்கைப் பாடத்திட்டத்தின் சமயபாடம் அங்கே இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் கிடைக்கும். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் போதும். விட்டுவிட்டால் நாலு வருடப் பாடத்தை ஒரே வருடத்தில் விழுங்க வேண்டிவரும்.

12ஆம் வகுப்புவரை அங்கேயே முடிக்கும் பிள்ளைக்கு, உயர்தரம் எழுதாததால், இலங்கை அரச பல்கலைக்கழக வழி மிகவும் குறுகியது. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென ஒதுக்கும் இடங்கள் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். நம்மவர் வெளிநாட்டு மாணவராகவே விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் அதற்கேற்ப. 8ஆம் வகுப்பு முடிவதற்குள் இதைக் குடும்பமாக இருந்து பேசிவிடுங்கள்.

10. பயணப் பை

முத்திரையிட்ட மூலப் பத்திரங்களைப் பெரிய பெட்டியில் போடாமல் கையிலுள்ள பையில் வையுங்கள். மடிக்கக்கூடாது, தடித்த அட்டைக் கோப்பு ஒன்று போதும். விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், கடைசி இரண்டு வருடத் தேர்ச்சி அறிக்கைகள், தடுப்பூசிச் சுருக்கம், இடம் கிடைத்த கடிதம், கட்டணப் பற்றுச்சீட்டு, வெள்ளைப் பின்னணியில் எட்டுப் புகைப்படம். எல்லாவற்றையும் ஸ்கான் செய்து தகப்பன், தாய் இருவரின் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். அங்கே பாடசாலை விடுகைப் பத்திரத்தின் மூலத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், திருப்பித் தராது. கொடுக்கு முன் பின்பக்க முத்திரைகளும் தெரிய இருபக்கமும் நிறப்பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.